பெரியவனுக்கு, பட்டறையிலிருந்து

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை போன தடவையைவிடக் குறைந்திருக்கிறது. ஆயா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். திருப்பூருக்கு லோடு கொண்டுபோகிற நம் பழைய டிரைவரிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். கோயம்புத்தூருக்கே வந்து உன் கையில் கொடுப்பதாகச் சொன்னார். எவர்சில்வர் டப்பாவில் எள்ளுருண்டை, அதற்குக் கீழே மிளகாய்த்தூள். ஆற்காட்டுக்குப் போனபோது மக்கன் பேடாவும் வாங்கினேன், அதை முதலில் சாப்பிட்டுவிடு. எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் காகிதம்.

போனில் பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று வாரமாக மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. மெசேஜுக்கு நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. வேலை இருக்கும். ஒரு கார் ரேலி முடிந்து வந்தால் வண்டியை நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள், தெரியும்.

ஆயுதபூஜைக்கு வருவாய் என்று பார்த்தேன். உன் பழைய ரிங் ஸ்பேனர் செட்டை டீசலில் கழுவித் துடைத்து நானே பொட்டு வைத்தேன். பூசணிக்காயை யார் உடைப்பது என்று பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். சரி, அது போகட்டும். சின்னவளுக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அதை அவளே சொல்வாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வீல் நட்டு எதுவானாலும் கடைசி டைட்டை நீயே வை. ஏர் கன்னால் ஒருவன் அடித்துவிட்டான் என்று விடாதே. இறுக்கத்தை அளந்து வைக்கிற டார்க் ரெஞ்ச் க்ளிக் என்று சொல்ல வேண்டும், அதை உன் காது கேட்க வேண்டும். வீல் உட்காருகிற முகத்தில் மண்ணோ பெயின்ட்டோ துருவோ இருந்தால் டைட் வைத்தது போலத்தான் இருக்கும். பத்து மைல் ஓடியதும் அது நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்கிறேன்.

போன வருஷம் நீ இருங்காட்டுக்கோட்டை ரேலிக்கு வரச் சொல்லி, கயிற்றுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தாயே, அதைப் பற்றி உன்னிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முப்பது வருஷமாகச் சத்துவாச்சாரி பைபாஸ் ஓரத்தில் லாரி பிரிக்கிறவன் நான். ஒரு கியர்பாக்ஸ் இறக்கி ஏற்ற எனக்கு ஒரு முழு நாள் வேண்டும். பெரிய டீம்காரர்கள் கால் மணி நேரத்தில் மாற்றுவார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. அன்றைக்கு உங்களைப் பார்த்த பிறகு நம்பினேன்.

வண்டி வருவதற்கு முன்னாலேயே நீங்கள் தயாராக நின்ற விதம்தான் எனக்குப் பிடித்தது. கோ-டிரைவர் வழியிலிருந்தே போனில் சொல்லிவிடுகிறார்: முன்னால் வலது டேம்பர், அதுதான் ஷாக் அப்சார்பர், செத்துவிட்டது, பிரேக் பெடல் உள்ளே இறங்குகிறது. அதைக் கேட்டு உன் சீஃப் மெக்கானிக் அட்டையில் எழுதி யாருக்கு எந்த வேலை என்று பிரித்துவிட்டார். தரையில் தார்ப்பாய், அதன்மேல் ஸ்டாண்டு நாலு, பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர், எடுத்துக் கொடுக்கிற வரிசையில் பார்ட்ஸ். வண்டி உள்ளே வந்து நின்ற நொடியில் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து நாலு வீலும் கழன்றுவிட்டது. மூலைக்கு ஒருவன். நீ பின்பக்கம் இடது மூலை. டிஸ்க் அடுப்புக் கல் மாதிரி கொதித்துக்கொண்டிருக்க, கையுறையோடு உள்ளே கையை விட்டாய். ஒருவன் சம்ப் கார்டைக் கழற்றிக் கல்லைக் கொட்டினான், ஒருவன் ரேடியேட்டரில் அடைத்த புல்லை ஊதினான். எல்லா நட்டிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தீர்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது. இப்போது பட்டறையில் நானும் கோடு போடுகிறேன்.

அவ்வளவு அவசரத்திலும் சத்தம் இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. உலக ரேலியில் வண்டியில் வேலை செய்யக் காலையில் 15 நிமிடம், பகலில் 30 அல்லது 40, ராத்திரி 45, அதற்குமேல் ஒரு நிமிடம் தாமதமாக வெளியே போனால் 10 விநாடி தண்டம் என்று நீ சொல்லியிருந்தாய். அந்தப் பத்து விநாடிக்காக ஒருவன் நட்டை விட்டுவிடுவானோ என்றுதான் எனக்குப் பயம். நீ விடவில்லை. கன் அடித்த பிறகு ரெஞ்ச் வைத்து ஒவ்வொன்றாக, எதிர் எதிராக, நிதானமாக வைத்தாய். என் பையன் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

டிரைவர் ஸ்டேஜுக்குள்ளே, அதாவது நேரம் பார்த்து ஓட்டுகிற ரோட்டுக்குள்ளே, போய்விட்டால் நீங்கள் யாரும் அந்த வண்டியைத் தொடக்கூடாது, ஓட்டுகிறவரும் கோ-டிரைவரும் வண்டியில் இருக்கிற சாமானை வைத்து அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாயே, அதுவும் என் மனதில் நின்றது. முன்பெல்லாம் ரோடு ஓரமாக எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி வேலை செய்வார்கள், கென்யா சஃபாரி ரேலியில் மெக்கானிக்கை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு வண்டியைத் துரத்துவார்கள், 1990களின் நடுவிலிருந்துதான் எல்லாம் ஒரே இடத்தில் சர்வீஸ் பார்க் என்று ஆனது என்றாய். ராத்திரி பார்க் ஃபெர்மே என்கிற அடைப்பில் பூட்டிவிட்டால் காலை வரைக்கும் யாரும் கிட்டே போக முடியாது. அப்படியென்றால் கையிலிருந்து வண்டி போன பிறகு உங்களுக்கு ஒன்றும் இல்லை. விட்டது விட்டதுதான். அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், கடைசி டைட்டை நீயே வை.

வேளைக்குச் சாப்பிடு. இரண்டு ராத்திரி தூங்காமல் வேலை பார்த்துவிட்டு உடனே டெம்போவை ஓட்டிக்கொண்டு கிளம்பாதே. நாலு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்பு.

நான் அதைப் பார்த்தேன், தம்பி. சுற்றி வளைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. டீக்கடைப் பையன் போனில் காட்டினான், நம்ம அண்ணன் டீம் வண்டிதானே என்று. மண் ரோட்டில் வளைவு திரும்பும்போது பின்னால் இடது வீல் தனியாகக் கழன்று உருண்டு போகிறது. வண்டி ஹப்பைத் தேய்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிறது. இரண்டு பேரும் நடந்து வெளியே வந்து பின்னால் வருகிற வண்டிக்கு ஓகே அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். அதுவரைக்கும் எனக்கு மூச்சு வரவில்லை. பத்துத் தடவைக்கு மேல் திருப்பிப் போடச் சொன்னேன்.

இடது பின்வீல். உன் மூலை.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. கல்லில் அடித்து நட்டு ஏறுகிற ஸ்டட் அறுந்திருக்கலாம், பேரிங்கே போயிருக்கலாம், படத்தில் அதெல்லாம் தெரியாது. கழன்ற ரிம் உங்கள் கையில் இருந்தால் ஓட்டைகளைப் பார். ஓட்டை முட்டை மாதிரித் தேய்ந்து நீண்டிருந்தால் நட்டு தளர்ந்து ரொம்ப நேரம் ஆடியிருக்கிறது. ஓட்டை வட்டமாகவே இருந்து ஸ்டட் மட்டும் முறிந்திருந்தால் முறிந்த முகத்தைப் பார். எல்லாம் புதிதாகப் பளபளவென்று இருந்தால் அப்போது பட்ட அடி. பாதி கறுத்திருந்தால் பழைய வெடிப்பு. யார் என்ன சொன்னாலும் சாமான் பொய் சொல்லாது. போய்ப் பார். யாரும் பார்க்க விடவில்லை என்றால் கேட்டுப் பார்.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று மூன்று வாரமாக யோசித்தேன். நீ அறியாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவும் முந்தாநாள் வரைக்கும் அறியாதது.

1999-இல் பள்ளிகொண்டா பக்கத்தில் கழன்ற லாரி வீலைப் பற்றி வீட்டில் பேசுவார்களே, உன் சின்ன மாமா சரியாக டைட் வைக்காமல் விட்டதால் கிளீனர் பையன் கால் உடைந்தது என்று. அது பொய். அந்த நட்டுகளை டைட் வைத்தது நான். பின் வீல், இரட்டை. நாலு வைத்திருப்பேன், ஓனர் பில்லுக்குக் கூப்பிட்டார். போய்ப் பணம் வாங்கி எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். முடித்துவிட்டதாகவே நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லக் கூடாது, பார்க்கவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி டைட் பார்க்கச் சொல்லி டிரைவரிடம் சொல்லவும் இல்லை. ராத்திரி ஓனர் ஆளோடு வந்து பட்டறை வாசலில் நின்று கத்தினார். கையில் கடன் இருந்தது, நீ கைக்குழந்தை. பையன்தான் வீல் மாட்டினான் என்று சொல்லிவிட்டேன்.

மாமாவுக்கு அப்போது பதினேழு வயது. “இல்லை மாமா” என்று ஒரு தடவை சொன்னான். ஒரே ஒரு தடவை. நான் அவனைப் பார்க்காமல் ஓனரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவன் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டான். வள்ளிமலையில் உனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாமல் பெரியப்பா மடியில் உட்காரவைத்தோம். அம்மா ஏன் அந்தப் போட்டோவை மாட்டவே விடவில்லை என்று நீ கேட்டிருக்கிறாய். தன் தம்பி கோபக்காரன், தப்புச் செய்துவிட்டு முறைத்துக்கொண்டு போய்விட்டான் என்றே அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். நான்தான் அப்படி நினைக்க விட்டேன்.

நீ பத்தாவது படிக்கும்போது அந்த மினி லாரிக்கு ஒரு நட்டு குறைய மாட்டினாய் என்று பையன்கள் எதிரில் உன்னை அடித்தேன். அன்று நான் அடித்தது உன்னை அல்ல. நீ பட்டறையை விட்டுப் போனதற்கு அந்த அடியும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூருக்கு நீ கிளம்பியபோது வாய்க்கு வந்தபடி பேசினேன். அதையும் நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

முந்தாநாள் ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பட்டறை வரைக்கும் நடந்து வந்து, “அவனிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஓசூர் போகிறேன். மாமாவின் பங்க்சர் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்று கேள்வி. என்ன சொல்லப்போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை.

நீ விட்டிருந்தால் விட்டேன் என்று உன் சீஃபிடம் சொல்லிவிடு. வேலை போனாலும் சரி, பட்டறை இருக்கிறது. கீழே நிற்கிற சின்னப் பையன் தலையில் அது விழும்படி விட்டுவிடாதே. நீ விடவில்லை என்றால், ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளாதே. இரண்டாவது தடவையும் சொல். மூன்றாவது தடவையும் சொல். நான் எப்படி விட்டேன் என்று சொல்லிவிட்டேன். இனி நீ எதைச் சொன்னாலும் எனக்கு ஒன்றுதான்.

தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை வாரு, தூசியில் முடி போகிறது என்று அம்மா எழுதச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு. தூங்காமல் வண்டி எடுக்காதே.

எவர்சில்வர் டப்பாவை டிரைவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு, திரும்பும்போது அவர் வேலூர் வழியாகத்தான் வருகிறார். காலி டப்பாவைத் தர வேண்டாம். இரண்டு வரி எழுதி உள்ளே போடு.

அப்பா