பழைய இரும்பு லோரி வருவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் மெக்கானிக்கல் டிகிரி முடித்துவிட்டு, கியர் பற்றி ஆராய்ச்சி செய்து மாஸ்டர்ஸ் படிக்கிறாள். கோயிலில் பார்ப்பவர்கள் எல்லாம் "வேலைக்குப் போகாமல் பல்சக்கரத்துக்கு ஒரு படிப்பா?" என்கிறார்கள். முதலில் அப்படிக் கேட்டவனே நான்தான், அதனால் அவர்கள் மேல் கோபமில்லை.

ஆலையில் ஸ்குரூ பிரஸ் மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்று ஓடும். பழத்தைப் பிழியும் ஸ்குரூவோ பத்துப் பன்னிரண்டு சுற்றுதான். வேகத்தைக் குறைத்து அந்த அமுக்கும் பலத்தைக் கொடுப்பதில் பெரும்பங்கு கியர்பாக்ஸுக்கு. குலையோடு கல்லோ இரும்புத் துண்டோ உள்ளே போய்விட்டால் அந்த அடியைக் கியர் பல்தான் வாங்கும். திறந்து பார்த்தால் பல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. "எண்ணெய் பழசு" என்று சொல்லி, மாற்றி, மூடிவிடுவோம், அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.

மகள் காட்டித்தான் தெரிந்தது, குழி கண்ட இடத்தில் விழுவதில்லை, பெரும்பாலும் பல்லின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் ஆரம்பிக்கும். நடுக்கோட்டில் இரண்டு பல்லும் ஒன்றன்மேல் ஒன்று உருளுகின்றன, அதற்குக் கீழே உருளும் திசைக்கு எதிராக வழுக்கவும் செய்வதால் இரும்பின் தோல் அங்கேதான் முதலில் களைத்துப்போகிறதாம். முப்பது வருஷம் அந்தக் கோட்டைத் துணியால் துடைத்திருக்கிறேன், ஒரு நாள்கூடக் கவனித்ததில்லை!

இன்னொன்று. கியர் எண்ணெய் விவரத்தாளில் 'எஃப்.இசட்.ஜி. 12' என்று போட்டிருக்கும், ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன். அது ஜெர்மனியில் மியூனிக் பல்கலைக்கழகமொன்றில் 1951-இல் பேராசிரியர் குஸ்டாவ் நீமன் தொடங்கிய கியர் ஆய்வுக்கூடத்தின் பெயராம். சுமையைப் படிப்படியாக ஏற்றி, எந்தப் படியில் பல் உரசிக் கெடுகிறது என்று பார்க்கும் சோதனை அவர்களுடையது, 12 என்பது அந்தப் படியின் எண். பல்கலைக்கழகத்து வேலை எங்கள் எண்ணெய் டிரம் வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்த ஆலையில் தேய்ந்த கியர்களைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001-இல் இங்கே எங்கள் ஊர்ப் பக்கம் டிரான்ஸ்கிரியானுக்கே வந்துவிட்டது, சுற்றிலும் செம்பனை. ஆய்வுக்கூடத்தில் சுத்தமான எண்ணெய், அளந்து வைத்த சுமை. ஆலையில் மண், சூடு, இரவு பகல் ஓட்டம், அப்புறம் மேலே சொன்ன கல். ஆராய்ச்சி மாணவர்களுக்கு அந்தத் தேய்ந்த கியரைக் கொடுங்கள் என்று ஆலை மேலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த எண்ணெய், எப்போது மாற்றியது என்ற குறிப்பையும் கொடுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத கியர் வெறும் இரும்புதான் என்கிறாள் மகள்.

எங்கள் வீட்டு கேட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய கியரையும் போன மாதம் அவள் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். இப்போது கேட்டுக்கு ஒரு செங்கல் வைத்திருக்கிறோம்.

முன்னாள் ஆலை ஃபிட்டர்,
நிபோங் திபால்