ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு சீவாளி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலம்தானே? உங்கள் கடிதம் கிடைத்தது. மழையில் கொட்டகை சரிந்ததையும் தங்கச்சிக்கு வேலை கிடைத்ததையும் ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி இரண்டு பக்கமும் என்னைத் திட்டுவதற்கே செலவு பண்ணியிருக்கிறீர்கள். "கமகம் இல்லாத சங்கீதத்தைக் காசு கொடுத்துக் கேட்கிறாயாமே" என்று. அம்மாதான் சொல்லியிருப்பாள். சரி, கேட்டுவிட்டீர்கள். ஸ்வரத்தை அசைத்து இழுக்கிற நம் கமகம் இல்லாத அந்த மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவை ஏன் கேட்கிறேன் என்று பதில் எழுதுகிறேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே அறை, அதே கணக்கு வேலை. காலையில் கீழே கடையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் மழையோடு திரும்புகிறேன். கோயில், தமிழ்க் கடைகள் எல்லாம் நடக்கிற தூரம். சம்பளத்தில் அனுப்பியது போக மிச்சம் பிடிக்கிற வெள்ளியில்தான் அந்த டிக்கெட். அம்மாவிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

கச்சேரி நடக்கிற மண்டபம் இரட்டைக் கோபுரத்தின் அடியிலேயே இருக்கிறது. 1998இல் திறந்தார்கள். மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அதுதான் வீடு. கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். உடுப்பு கொஞ்சம் ஒழுங்காக இருக்க வேண்டும். தாமதமாகப் போனால் ஒரு உருப்படி முடிகிறவரை கதவுக்கு வெளியேதான். உங்களுக்குப் பிடிக்கப்போகிற விஷயம் ஒன்று: மைக் கிடையாது. வயலின்காரர் வில்லை எடுத்து வைக்கிற சத்தம் வரை பின்வரிசைக்குக் கேட்கும். கூரையில் இருக்கிற பலகைகளை ஏற்றி இறக்கி நாதத்தைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

இங்கே ஒரு கோயிலில் வாசிக்க நம்ம பக்கத்திலிருந்து நாதஸ்வரக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், திருவாவடுதுறைக்குப் பக்கம். ஒரு சனிக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். கச்சேரி தொடங்குமுன் எல்லா வாத்தியமும் அடங்கி, நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் ஒற்றை ஸ்வரம் ஊதினார். மற்றவர்கள் அத்தனை பேரும் அதைப் பிடித்துக்கொண்டு சுருதி சேர்த்தார்கள். அந்த வாத்தியத்துக்கு ஓபோ என்று பெயர். அதில் இருப்பது சீவாளி, சித்தப்பா, உங்கள் நாதஸ்வரத்தின் வாயில் வைத்து ஊதுகிற அதே மாதிரி. நாணலைச் சீவி, இரண்டு இதழாக நூலால் கட்டி, நம் சீவாளியைச் செருகுகிற கெண்டை மாதிரி ஒரு சின்னக் குழலில் ஏற்றியிருக்கிறார்கள். நம்மவர் என் முழங்கையை இடித்தார்: "தம்பி, வாயில வெச்சு ஊறப் போடுறாங்க பாரு."

இடைவேளையில் ஆளைக் காணோம். பார்த்தால் மேடைக்குக் கிட்டே போய் நிற்கிறார். அந்த அம்மாள் ஒரு சின்னக் கத்தியால் சீவாளி நுனியை வழித்து, வெளிச்சத்தில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி வழித்துக்கொண்டிருந்தார். "நாணல் தட்டை சரியில்ல போலிருக்கு, பாவம்" என்றார் நம்மவர். அதன் பிறகு கச்சேரி முழுக்க அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நீங்களும் அங்கேயிருந்தே கேட்கத் தொடங்குங்கள். வயலின் கூட்டத்தை விட்டுவிடுங்கள், சீவாளி எங்கே போகிறது என்று பாருங்கள். என் பட்டியலும் அப்படித்தான்.

எனக்கு முதல் ஆள் த்வோர்ழாக் என்ற இசையமைப்பாளர். இன்றைய செக் நாட்டுப் பொஹீமியாவில் இறைச்சி வெட்டி, சத்திரமும் நடத்தியவரின் மகன். நியூயார்க்கில் ஒரு சங்கீதப் பள்ளிக்குத் தலைவராக 1892இல் அழைத்துக்கொண்டார்கள். போன இடத்தில் ஊர் ஏக்கம். கோடை விடுமுறை வந்ததும் அயோவாவில் தன் நாட்டு ஜனங்கள் குடியேறியிருந்த ஒரு சிற்றூரைத் தேடிப் போய், அங்கே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்தவனுக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா? அவருடைய ஒன்பதாவது சிம்பொனி 1893 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியில் கோர் ஆங்லே என்று ஓபோவைவிட நீளமான, இன்னும் கனத்த குரல் உள்ள வாத்தியம் வரும். அதுவும் சீவாளிதான். நாதம் வெளியே வருகிற அடிவாய், அதுதான் அணசு, விரிந்திருக்காது, முட்டை போல உள்ளே குவிந்திருக்கும்; நாதமும் அப்படியே குவிந்து வரும். வாசிப்பது கடகட வேகம் இல்லை, நிதானமான ஒரு மெட்டு. முதல் வரிகளைக் கேட்டால் மோகன ராகம் என்று சத்தியம் பண்ணுவீர்கள். அப்புறம் நடுவில் ஒரு காகலி நிஷாதம் வந்து நிற்கும். "மோகனத்தில் ஏதுடா நிஷாதம்" என்று கத்தப்போகிறீர்கள், தெரியும். கத்திவிட்டு மறுபடி ஒரு முறை கேளுங்கள்.

அதே சிம்பொனியில் சிம்பல் தட்டுகிறவருக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு தட்டு, அதுவும் கடைசிப் பகுதியில், மெதுவாக. நம்ம தாளம் போடுகிற பையனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கமகத்துக்கு வருகிறேன். ஓபோவில் நம் விரலடியும் அசைவும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். சுருதி சேர்த்ததோடு சரி, பின்னால் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிற நம் ஒத்தும் கிடையாது. ஆனால் மேலே ஓபோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது கீழே வயலினின் பெரிய அண்ணன்மாரான செல்லோவும் பாஸும் வேறு ஸ்வரத்துக்கு நகரும். உடனே அந்த நின்ற ஸ்வரத்தின் முகமே மாறிப்போகும். நாம் ஸ்வரத்தை அசைக்கிறோம், அவர்கள் அதன் அடியில் இருப்பதை அசைக்கிறார்கள். ஈடாகுமா என்று கேட்டால், எனக்கு ஆகிறது. கமகமே உயிரான தோடி ராகத்துக்கு ஆகாது.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைக் கல்யாண வீடியோவில்கூடப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள். இருந்தாலும் முதல் பகுதியில் பாதியைத் தாண்டி, அத்தனை ஆர்ப்பாட்டமும் சட்டென்று நின்று, ஓபோ மட்டும் தனியாக ஒரு வரி இழுக்கும். இரண்டு மூச்சு ஆலாபனை, அவ்வளவுதான். அதற்காகவே நான் கேட்கிறேன். (நம்ம சியாமா சாஸ்திரிகள் காலமானதும் 1827, பீத்தோவன் போனதும் அதே 1827, இரண்டு மாதத்துக்குள். திருவாரூரில் நாலு பேரிடம் சொல்ல உதவும்.)

பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவில், அதாவது ஒரு தனி வித்வானும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படியில், இரண்டாம் பகுதியை எடுத்தால், பிரதான வித்வான் வயலினை வைத்துக்கொண்டு சும்மா நிற்க, மெட்டு முழுவதையும் ஓபோ வாசித்துவிடும். அந்தக் காலத்துப் பெரிய வயலின்காரர் சரசாத்தே, ஓபோ வாசிப்பதை நான் நின்று வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று அதைத் தொடவே மறுத்தார் என்பார்கள். வித்வத் கர்வம் எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. சிபேலியஸ் எழுதிய 'துவோனெலாவின் அன்னம்' என்ற உருப்படி, அதிலும் கோர் ஆங்லேதான். வாக்னர் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஹைடனின் 45ஆவது சிம்பொனியைக் கடைசியில் கேளுங்கள். 1772. ஹைடன் வேலை பார்த்த எஸ்டர்ஹாசி பிரபு கோடை மாளிகையை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்கிறார். வாத்தியக்காரர்களின் குடும்பங்களோ வேறு ஊரில். லீவு கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஹைடன் என்ன செய்தார்? கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தன் பங்கை வாசித்துவிட்டு, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போகும்படி எழுதிவிட்டார். முதலில் எழுந்து போகிறவர்களில் ஓபோக்காரரும் உண்டு. கடைசியில் இரண்டே வயலின். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது, மறுநாளே எல்லோரையும் ஊருக்கு அனுப்பினாராம். எங்கள் மேனேஜருக்கு இதைப் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் சங்கீதம் என்று ஒதுக்காதீர்கள். தீட்சிதரே இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளுக்கு சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரம் செய்தவர்தானே. நீங்களும் கல்யாணத்தில் நோட்டு வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறீர்கள்.

தங்கச்சிக்கு இந்தப் பட்டியல் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறேன், போனில் போட்டுத் தருவாள். காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பாஸ் கேட்காது, அப்புறம் நான் சொன்ன விஷயம் விளங்காது. நம்ம நாதஸ்வரக்காரர் தை பிறந்ததும் ஊருக்கு வருகிறார். சித்தியின் முழங்காலுக்குக் கோடாலித் தைலமும் பிள்ளைகளுக்கு மைலோவும் அவரிடம் கொடுத்து விடுகிறேன். அந்த நிஷாதத்தைப் பற்றி அவரிடம் சண்டை போடுங்கள், அவரும் உங்கள் கட்சிதான்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்