இரவு மூன்று மணிக்கு லோடு வைக்காதீர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள குடோன் மேலாளர்களுக்கும் ஷிப்ட் சார்ட் போடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

கப்பலூர், வாடிப்பட்டி, ரிங் ரோட்டுப் பக்கம் குடோன்களில் இரவு 10 முதல் காலை 6 வரை வேலை பார்ப்பவர்கள் நாங்கள். பிக்கிங் (ரேக்கிலிருந்து பொருளை எடுப்பது), பேக்கிங், லோடிங், ஃபோர்க்லிஃப்ட் என எல்லா வேலைக்காரர்களும் எங்களில் உண்டு. சம்பளப் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்வோம். இந்த மடல் ஒரே ஒரு கோரிக்கைக்காக எழுதுவது: இரவில் எந்த வேலையை எத்தனை மணிக்கு வைப்பது என்பதை மாற்றிப் போடுங்கள்.

இப்போதைய சார்ட் பகல் சார்ட்டிலேயே மணியை மட்டும் திருத்திப் போட்டதாக இருக்கிறது. இரவு 3 முதல் 5 வரைதான் மனித உடம்பின் சூடு மிகவும் இறங்கும் நேரம். கவனமும் கைவேகமும் அப்போதுதான் அடிமட்டத்துக்குப் போகும். எத்தனை வருடம் இரவு வேலை பார்த்துப் பழகினாலும் இது முழுதாக மாறாது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அன்லோடிங், ஊர்வாரியாகப் பிரிப்பது, லோடிங் மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன.

ஏன் என்று எங்களுக்கும் தெரியும். சென்னையில் மாலை ஆறேழு மணிக்குக் கிளம்பும் லாரி ஏறக்குறைய 460 கிலோமீட்டர் ஓடி இங்கே சேர விடியற்காலை ஆகிவிடும். கோவை வண்டியும் முன்னே பின்னே வந்து நிற்கும். ஆறு மணிக்குள் ஊர் வண்டிகள் வெளியே போயாக வேண்டும். லாரி வரும் நேரம் உங்கள் கையில் இல்லை. ஆனால் அன்றைய சரக்கில் பெரும்பங்கு சாயங்காலமே குடோனுக்குள் இருக்கிறது. அதையும் சென்னை வண்டி வரட்டும் என்று நிறுத்தி வைப்பதுதான் தவறு.

எங்கள் யோசனை இது. தூரத்து ஊர் வண்டியை முதலில் ஏற்றுங்கள். 170 கிலோமீட்டர் போகும் ராமேஸ்வரம் வண்டி, அடுத்து கம்பம், பிறகு தேனி, திண்டுக்கல், கடைசியாக உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் போகும் குட்டியானைகள். ஒரு வண்டிக்குள் கடைசியில் இறங்கும் சரக்கு முதலில் ஏற வேண்டும்: ராமேஸ்வரம் பெட்டிகள் கேபினை ஒட்டி, அடுத்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரைப் பெட்டிகள் கதவோரம். கனமானவை, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவை, மேல் ரேக்கிலிருந்து இறக்க வேண்டியவை எல்லாம் இரண்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். சென்னை லாரியில் புதிதாக வரும் சின்னப் பார்சல்களை ஊர்வாரியாகச் சாக்குப்பையில் கட்டி, கதவோரம் விட்டுவைத்த நாலடி இடத்தில் வையுங்கள். வழியில் டிரைவர் ஒரு பையை நகர்த்தி வைப்பது ஒரு பொருட்டே இல்லை. நாற்பது கிலோ பெட்டி என்றால் அது நடக்காது.

மூன்று மணிக்கு மேல் பை கட்டுவது, லேபிள் ஒட்டுவது, காலிப் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) அடுக்குவது போதும். உட்கார்ந்து திரையைப் பார்க்கும் வேலை லேசானதாகத் தெரியும், ஆனால் அந்த நேரத்துக்கு அது ஆகாது. கண் தானாகச் சொருகும். நின்று நடந்து, இருவர் இருவராகப் பேசிக்கொண்டு செய்யும் வேலை வேண்டும்.

இரவில் எங்கெங்கே தப்பு நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஃபோர்க்லிஃப்டில் 2 டன் என்று எழுதியிருக்கும் எடை, சரக்கின் நடுப்பகுதி, பேலட்டுக்குள் நுழையும் ஃபோர்க் வண்டியோடு சேரும் இடத்திலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால்தான் செல்லும். 1200-க்கு 1000 பேலட்டை 1000 பக்கம் உள்ளே போகும்படி எடுத்தால் கணக்கு சரி. 1200 பக்கம் உள்ளே போகும்படி எடுத்தால் நடுப்பகுதி 600-க்குத் தள்ளிப் போகும். வண்டி தாங்கும் எடை குறையும். மேலே தூக்கத் தூக்க இன்னும் குறையும். பகலில் ஆபரேட்டர் இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். மூன்றரை மணிக்கு, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்போதுதான் உறைக்கும். அதனால்தான் அந்த நேரத்தில் மேல் ரேக் வேலையே வேண்டாம் என்கிறோம்.

அதே வண்டியின் பேட்டரி இன்னொரு தொல்லை. பகல் ஷிப்ட் பாதி சார்ஜில் விட்டுப் போனால், சரியாக வண்டிகள் குவியும் நேரத்தில் ஃபோர்க்கைத் தூக்கும் மாஸ்ட் மெதுவாக ஏறத் தொடங்கும். லெட் ஆசிட் பேட்டரியை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுளும் போய்விடும். ஷிப்ட் மாற்றும் நோட்டில் பேட்டரி சதவீதம் எழுத ஒரு கட்டம் போடுங்கள். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள். முன்பே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். சார்ஜ் போடும் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேனை யாரும் அணைக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக் கூடியது.

பேலட்டைக் கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட் ட்ரக்கில் பெரிய கோளாறு எப்போதும் சக்கரத்தில்தான். தரையில் கிடக்கும் ஸ்ட்ரெச் ஃபிலிம் (பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள்) சுருண்டு அச்சில் ஏறிக்கொள்ளும். சக்கரம் சுற்றாமல் இழுபடும், ஆள் இடுப்பைக் கொடுத்து இழுப்பார், மறுநாள் லீவு போடுவார். ஷிப்ட் தொடங்கும்போது வண்டியைச் சாய்த்து, கொக்கிக் கத்தியால் ஃபிலிமை அறுத்தெடுக்க இரண்டு நிமிடம் போதும். அப்படியே லோடு ஏற்றித் தூக்கி ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். தானாக இறங்கினால் சீல் போயிருக்கிறது, ஒதுக்கி வையுங்கள். லோடே தூக்க மாட்டேன் என்றால் பெரும்பாலும் ஆயிலில் காற்று ஏறியிருக்கும். இறக்கும் லீவரைப் பிடித்தபடி கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் காற்று வெளியேறும்.

எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பயம், வண்டி வந்து ஒட்டி நின்று சரக்கு ஏற்றும் டாக்கில்தான். லோடிங் முடிவதற்குள் டிரைவர் முடிந்துவிட்டது என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுவார். உள்ளே ஆளும் பேலட் ட்ரக்கும் இருக்கும். டிரைவரும் விடிய விடிய ஓட்டி வந்தவர்தான். அவர் மேல் மட்டும் பழி போட முடியாது. டாக் வாசலில் ஒரு பலகை, அதில் டாக் எண் போட்ட ஆணிகள். வண்டி நின்றதும் சாவி அந்த எண் ஆணியில் தொங்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்த பிறகு சூப்பர்வைசர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. வண்டி ரிவர்ஸ் வரும்போது டாக்குக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு மனிதரும் நிற்கக் கூடாது, கிளீனர் உட்பட. பளிச்சென்ற குடோனிலிருந்து இருட்டு யார்டுக்கு வருகிறவருக்குக் கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் யார்டிலும் விளக்கு வேண்டும்.

ஸ்கேனிங்கில், ஆறு பெட்டியில் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து எண்ணிக்கையை 6 என்று தட்டிவிடும் வழக்கத்தை இரண்டு மணிக்கு மேல் நிறுத்துங்கள். அரை கிலோ பாக்கெட்டும் ஒரு கிலோ பாக்கெட்டும் ஒரே நிறத்தில் அடுத்தடுத்த ரேக்கில் இருந்தால் இரவில் கலந்தே தீரும். இரண்டையும் வேறு வேறு வரிசைக்கு மாற்றுங்கள்.

அடுத்து ஓய்வு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் கடையின் வியாபாரத்துக்காக வைத்திருக்கும் குடோனும் கடைதான். நான்கு மணி நேர வேலைக்கு மேல் போனால் ஒரு மணி நேர இடைவேளை கொடுக்க வேண்டும் என்பதும், ஓவர்டைம் பார்த்தால் இரட்டைச் சம்பளம் என்பதும் அதிலேயே இருக்கிறது. 2021-ல் அதே சட்டத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஒன்றரை மணி வாக்கில் வைத்து, அதில் 20 நிமிடம் படுக்க இடம் கொடுங்கள். பாய் போதும், ஆனால் வண்டி ஓடும் வழியிலும் ரேக்குகளுக்கு நடுவிலும் கூடாது. அரை மணியைத் தாண்டித் தூங்கினால் எழும்போது தலை கிறுகிறுக்கும். எழுந்த கால் மணி நேரத்துக்கு யாரும் ஃபோர்க்லிஃப்டில் ஏற வேண்டாம்.

கேன்டீனில் இரவு சாப்பாடு இட்லியாக இருந்தால் நல்லது. பரோட்டாவும் சால்னாவும் அந்த நேரத்தில் வயிற்றில் கல்லாகக் கிடந்து தூக்கத்தைக் கூட்டும். டீயைப் பன்னிரண்டுக்கும் இரண்டரைக்கும் கொடுங்கள். நாலு மணி டீயைக் குடித்துவிட்டு எட்டு மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது, அடுத்த இரவு அதன் பலன் தெரியும். சித்திரை, வைகாசியில் தகர ஷெட் பகலெல்லாம் வாங்கிய வெயிலை நள்ளிரவு தாண்டியும் இறக்கிக்கொண்டிருக்கும். அப்போது ஆளுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 250 மில்லி தண்ணீர் வேண்டும். முப்பது பேருக்கு முதல் நான்கு மணி நேரத்துக்கே 90 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. இரண்டு கேன் வைத்துவிட்டு ஆட்கள் சோர்கிறார்கள் என்பது நியாயமில்லை. பெண்கள் கழிப்பறையை இரவில் பூட்டி வைப்பதாலேயே எத்தனையோ பேர் தண்ணீரைத் தொடாமல் இருக்கிறார்கள். அதையும் திறந்து விடுங்கள்.

ஷிப்ட் மாற்றுவதைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையிலேயே சுற்றுங்கள். தலைகீழாகச் சுற்றினால் உடம்பு ஈடுகொடுக்காது. காலை 6-க்கு முடித்தவரை அன்றே மதியம் 2-க்கு வரச் சொல்லாதீர்கள்; குறைந்தது 11 மணி நேரம் விடுங்கள். எங்களில் பலருக்கு வீடு ஒற்றை அறை, மேலே சிமெண்ட் ஷீட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று பகல் முழுக்க ஃபேன் ஓடாத ஊர்க்காரரை அன்றிரவு ஃபோர்க்லிஃப்டில் போடாமல் மாற்றிப் போடச் சார்ட் எழுதுபவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஊர்ப் பொங்கலுக்கு ஒலிபெருக்கி கட்டும் நாட்களுக்கும் இதே முறைதான்.

வீடு திரும்புவது பற்றி ஒரு வார்த்தை. நாலு வழிச் சாலையில் ஆறரை மணிக்கு எதிர் வெயிலில் பைக் ஓட்டுவது தூக்கத்தோடு ஓட்டுவதுதான். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் வழிகளுக்கு வேன் விடுங்கள். பெண்களை ரோட்டு முக்கில் இறக்காமல் வீட்டு வாசலில் இறக்குங்கள்.

தீபாவளி நெருக்கத்தில் புதிதாக எடுக்கும் ஆட்களை முதல் வாரம் பகலில் பழக்கிவிட்டு இரவுக்கு அனுப்புங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் எந்த சீசனிலும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த மாதச் சார்ட்டில் ராமேஸ்வரம், கம்பம் வண்டிகளை மட்டும் இரண்டு மணிக்குள் ஏற்றும்படி போடுங்கள். சாவிப் பலகையை இந்த வாரமே அடியுங்கள். பலகையும் ஆணியும் நாங்களே கொண்டுவரத் தயார். மாத முடிவில் ஊர் மாறிப் போன பெட்டிகளின் கணக்கையும் முதலுதவி நோட்டையும் முந்தைய மாதத்தோடு வைத்துப் பாருங்கள். பார்க்கும்போது இரவு ஷிப்டிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் பணியாளர்கள்,
மதுரை