ஸ்க்வீஜி பிடித்த கை

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் உனக்கு அழுகை வந்துவிடும், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம். பெர்லினிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. அங்கே மியூசியத்தில் பார்த்த, ரிக்டர் என்கிற ஜெர்மன் ஓவியரின் அந்த நாலு படங்களும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு நான் உன்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. நோயே நேஷனல்காலரி மியூசியத்தின் கீழ்த்தளத்தில், ரிக்டரின் படங்கள் இருந்த அறையில், கால் வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். கால் வலிக்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் உன் ஸ்டுடியோவில் அப்பத்தா படத்தைப் பார்த்திருந்தேன். நீ வரைய ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தாய். கண்ணும் மூக்குத்தியும் வந்த அன்று அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினாள். நேரில் வந்து பார்த்தால் முகத்தையே காணோம். சாம்பலும் காவியுமாக ஒரு பரப்பு, இடையிடையே கிழிந்த மாதிரி பச்சை. "ஆத்தா முகத்தை ஏன் அழிச்சே?" என்று கேட்டேன். "அழிக்கலப்பா, மூடியிருக்கேன்" என்றாய். அந்த வித்தியாசம் எனக்கு ஏறவில்லை. ரெண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். அந்நிய ஊரில் பெற்ற பிள்ளையின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி இருந்திருக்கக் கூடாது.

ஊருக்கு வந்த பிறகு நீ அனுப்பியிருந்த ஆவணப்படத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். கெர்ஹார்ட் ரிக்டர் என்கிற அந்த மனிதர் எண்பதை நெருங்கும் வயதில் ஒரு நீளப் பட்டையை ரெண்டு கையாலும் பிடித்து, அதன் விளிம்பு நிறையப் பெயிண்டை அப்பி, கேன்வாஸின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உடம்பையே கொடுத்து இழுக்கிறார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது நம் சாமான் அம்மணி! முப்பது வருடம் பனியன் அச்சுப் பட்டறையில் நான் பிடித்தது. நமக்கு மரப்பிடியில் ரப்பர், அவருக்குப் பிளெக்ஸிகிளாஸ் என்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் பட்டை. பேர்கூட ஒன்றுதான், ஸ்க்வீஜி. 1980 வாக்கிலிருந்து அவர் அதைப் பிடித்திருக்கிறார். நான் பட்டறையில் சேர்ந்தது 1986-ல்.

நம் வேலை உனக்குத் தெரியும். டேபிளில் பனியன் துணியை ஒட்டி, ஸ்க்ரீனை வைத்து, கலரை ஊற்றி, ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் ஒரு இழு. முதல் பீசுக்கும் ஆயிரமாவது பீசுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. ரப்பர் விளிம்பில் மயிரிழை வெட்டு விழுந்தாலும் அச்சில் கோடு வரும், பீஸ் ரிஜெக்ட். அவர் இழுக்கும்போது நடப்பது எல்லாம் நாங்கள் ரிஜெக்ட் என்று ஒதுக்கியவை. ஓரிடத்தில் பட்டை அழுந்துகிறது, அடுத்த இடத்தில் தாவிப் போகிறது. மேல் கலர் அடிக்கலரைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. காய்ந்தது நிற்கிறது, காயாதது வழிந்து இன்னொன்றோடு சேர்கிறது. இழுத்து முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்க்கிறார் பார், என்ன வந்திருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிகிறது.

கண்ணால் பார்த்ததைவிடக் கையால் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. வேலை முடிந்து ஸ்க்ரீனைத் துடைக்கிறவன் கண்ணி ஒன்றில்கூடக் கலர் மிச்சம் இல்லாமல் துடைப்பான். அந்தக் கை வேறு. இவர் கை அப்படிப் போகவில்லை. அடியில் இருப்பது அங்கங்கே எட்டிப் பார்க்கட்டும் என்று விட்டு விட்டு இழுக்கிற கை. "மூடியிருக்கேன்" என்று நீ சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம்தான் அந்த நாலு படங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அன்றைக்கு நீ பக்கத்தில் நின்று சொன்னதையெல்லாம் காதில் வாங்காமல் விட்டேனே, அதை. 1944 ஆகஸ்டில் நாஜிகளின் பிர்கெனாவ் கொலை முகாமில் ரகசியமாக எடுத்த நாலு போட்டோக்கள். எடுத்தவர்கள் அங்கிருந்த யூதக் கைதிகள், விஷவாயு அறையில் கொல்லப்பட்டவர்களின் உடல்களை எரிக்கும் வேலையில் நாஜிகள் கட்டாயமாகத் தள்ளியவர்கள். கண்டுபிடித்திருந்தால் அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கும். பிலிமைப் பற்பசைக் குழாய்க்குள் ஒளித்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். ரெண்டு படங்களில் கதவின் இருட்டுக்கு அப்பால் வெட்டவெளியில் எரியும் உடல்களும் புகையும். ஒன்றில் மரங்களுக்குக் கீழே, ஓரத்தில், உடை களைந்த பெண்கள். நாலாவதில் மரக்கிளைகளும் வானமும் மட்டும். குறி பார்க்க நேரமில்லாத கை எடுத்த படம்.

ரிக்டர் 2014-ல் அந்த நாலையும் ஆளுக்கு மேல் உயரமுள்ள நாலு கேன்வாஸில் வரைந்திருக்கிறார். ஒவ்வொன்றும் 2.6 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலம். வரைந்தவர் அதோடு நிற்க முடியாமல், மேலே பெயிண்டைப் போட்டு இழுத்து, மறுபடி போட்டு இழுத்து, போட்டோவின் தடமே தெரியாத அளவுக்கு மூடிவிட்டார். கறுப்பு, சாம்பல், வெள்ளை, நடுவில் சிவப்பும் பச்சையும்.

வரையத் தெரியாமல் மூடினார் என்று யாரும் சொல்ல முடியாது. 1965-லேயே தன் மரியான்னே சித்தியை வரைந்தவர் அவர். பழைய போட்டோவில் சித்தி சின்னப் பெண், அவள் முன்னால் படுத்திருக்கும் கைக்குழந்தை ரிக்டர். மனநோயாளி என்று முத்திரை குத்தி அந்தச் சித்தியை நாஜிகள் கொன்றது 1945-ல். டிரெஸ்டன் நகரில் 1932-ல் பிறந்த பிள்ளைக்கு இது வேறு யாருடைய கதையோ இல்லை, சொந்த வீட்டுக் கதை. போட்டோவைப் போட்டோ மாதிரியே வரையத் தெரிந்த கைதான் பிர்கெனாவ் முன்னால் வந்து நின்றுவிட்டது. அந்தப் பெண்களை அழகாக வரைந்து சுவரில் மாட்ட அவருக்கு மனசு ஒப்பவில்லை. அப்படித்தான் நான் நினைக்கிறேன். வேறு காரணமும் இருக்கலாம், நீ படித்தவள், எழுது.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொடுமையோடு நம் வீட்டுச் சங்கதியை நான் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. ஆத்தா தொண்ணூறு வயது வாழ்ந்து, பேத்தி கையால் பால் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவள். மூடுவதும் அழிப்பதும் ஒன்றில்லை என்பதை மட்டும் அந்தப் படங்களிடம் கற்றுக்கொண்டேன்.

எதிர்ச் சுவரில் ஒரு பெரிய சாம்பல் கண்ணாடி இருந்ததே, நாலு பாகமாக, நினைவிருக்கிறதா? நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதில் அந்தப் படங்கள் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் வெள்ளை வேட்டியும் ஸ்வெட்டருமாக நானும் தெரிந்தேன். பார்க்கப் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். இப்போது அந்த அறைக்கு மறுபடி ஒரு தடவை போக வேண்டும் போல இருக்கிறது.

ரிக்டர் செய்த கொலோன் கதீட்ரல் ஜன்னல் எனக்கு அன்றே பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உயிர்த்தியாகம் செய்தவர்களின் உருவங்களைத்தான் முதலில் கேட்டார்களாம். அவர் 2007-ல் கொடுத்தது 72 கலரில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகள். வெயில் அதன் வழியாகத் தரைக்கல்லில் விழுந்தபோது நீ அதில் பாதத்தை வைத்துப் பார்த்தாய், ஏழு வயதில் பட்டறை ஜன்னலில் செய்தமாதிரியே.

2017-ல், 85 வயதில், எண்ணெய் ஓவியம் போதும் என்று நிறுத்திவிட்டாராம். பட்டையை இழுக்க உடம்பு வேண்டுமே. என் தோள்பட்டை எனக்குத் தெரியும். ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து தாளில் பென்சிலாலும் மையாலும் வரைகிறார், வரைந்த தேதியையே தலைப்பாக வைக்கிறார். நீ அனுப்பிய புத்தகப் பக்கங்களில் அவற்றைப் பார்த்தேன். தேய்ப்பு, அழித்த தடம், அடிக்கோல் வைத்து இழுத்த கோடு. பெரிய படங்களைவிட இவைதான் எனக்கு நெருக்கமாக இருக்கின்றன. சத்தம் குறைந்த பிறகு ஒரு ஆள் பேசுகிறமாதிரி.

போன வாரம் பரணில் உன் பெட்டியைத் திறந்தேன். பட்டறையின் ட்ரையல் துணி இருந்தது, நீ ரெண்டாம் வகுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் தலைமாட்டில் கட்டியது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஸ்க்ரீன் சரியாக விழுகிறதா என்று அதன் மேல்தான் இழுத்துப் பார்ப்போம். கரடி, ஆங்கில எழுத்து, பூ, ஏதோ கால்பந்து கிளப்பின் முத்திரை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து எதுவுமே தெரியாமல் ஆன துணி. "அழுக்குத் துணி எதுக்குடி" என்று அம்மா எத்தனை தடவை தூக்கிப் போட்டாள், நீ எத்தனை தடவை எடுத்து வந்தாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரடியின் காது ஒன்று இன்னும் தெரிகிறது. உன் ஸ்டுடியோவில் பார்த்த அந்தப் பச்சைக் கிழிசல்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தேன், சாமி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பத்தா படத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. எங்களுக்கு வேண்டும். பெயிண்ட் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டினால்தான் வெடிக்காது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்படியே சுருட்டிக் குழாயில் வைத்து, தையில் நீ வரும்போது கொண்டு வா. ஆசாரியிடம் சொல்லிவிட்டேன், தேக்கில் சட்டம் அடித்து வைப்பான், அளவு மட்டும் அனுப்பு.

ஹாலில் ரெண்டு சுவர் காலியாக இருக்கிறது, கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. எதில் மாட்டுவது என்று அம்மாவும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்காகத்தான் கேட்கிறேன். உள்ளே ஆத்தா எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுது. எங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் வாசலைப் பார்த்தமாதிரி இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா