கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு முகவரி வேண்டும்

பாளையங்கோட்டை,
அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் ஒழுகுகிறது, கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான்.

போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எது கேட்டாலும் "சரி அப்பா, பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறாய். நான்கு வாரமாக அந்தப் பேச்சும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் தபாலில் உழைத்தவனுக்குக் கடிதத்தில்தான் கேட்க வாய் வருகிறது.

விஷயம் இதுதான். பிள்ளைகள் இருவருக்கும் இந்த வருடம் கிறிஸ்துமஸ் தாத்தாவிடமிருந்து கடிதம் வர வேண்டும். மூத்தவளுக்கு ஏழு வயது. இன்னும் இரண்டு வருடம் போனால் நம்ப மாட்டாள். சின்னவனுக்கு இப்போதுதான் விவரம் தெரிகிறது. இதைத் தள்ளிப்போட முடியாது.

உங்கள் கனடா நாட்டுத் தபால் துறையே இதற்கு ஏற்பாடு வைத்திருக்கிறது என்று பென்ஷனர் சங்கத்தில் ஒருவர் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். பிள்ளைகள் தங்கள் கையால் எழுத வேண்டும். உறையின் மேல் சாண்டா கிளாஸ், வடதுருவம், கனடா, அஞ்சல் குறியீடு எச்0எச் 0எச்0. நடுவில் வருவது ஓ என்ற எழுத்தல்ல, சுழியம். வாசித்தால் தாத்தாவின் "ஹோ ஹோ ஹோ" சிரிப்புப் போல இருக்கும். எத்தனை அழகாக யோசித்திருக்கிறார்கள்! உள்நாட்டுக்குள் போட்டால் தபால்தலைகூட வேண்டாம். டிசம்பர் முதல் வாரத்துக்குள் போட்டுவிட்டால் பண்டிகைக்குள் பதில் வந்துவிடும். ஆனால் அனுப்புகிறவர் முகவரி தெளிவாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பதில் வராது. 2024-இல் நவம்பர், டிசம்பரில் ஒரு மாதம் வேலைநிறுத்தம் நடந்ததே, அதை நினைத்துச் சீக்கிரமே போட்டுவிடு.

அந்தப் பதில் அச்சடித்த கடிதம் மாதிரிதான் வரும் என்று நினைக்கிறேன். வரட்டும், அதுவும் வேண்டும். அது போக, நான் தனியாக இரண்டு கடிதம் தமிழில் எழுதப் போகிறேன். மூத்தவள் சனிக்கிழமை வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள் என்று நீதான் ஆடி மாதத்தில் பெருமையாகச் சொன்னாய். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும், பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் பார்த்திருக்கிறாள். அதனால் கோயில் வேலை பார்க்கிற நம் சபைக் குட்டியாரிடம் எழுதி வாங்கிக்கொள்கிறேன், மணி மணியாக எழுதுவார். இங்கிருந்து போய்ச் சேர மூன்று வாரம் ஆகலாம். நவம்பர் 20-க்குள் இங்கே தபாலில் சேர்க்க வேண்டும்.

எனக்கு உன்னிடமிருந்து சில விவரங்கள் வேண்டும். பள்ளிப் பெயரா, வீட்டுப் பெயரா, எதைச் சொல்லிக் கூப்பிட்டால் சின்னவன் தலை தூக்குவான்? மூத்தவளின் டீச்சர் பெயர் என்ன? பயந்துகொண்டிருந்த நீச்சல் வகுப்புக்கு இப்போது போகிறாளா? கடிதத்தில் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த ஒரு காரியம் இருந்தால்தான் அது அந்தப் பிள்ளையின் கடிதம். இல்லாவிட்டால் அது நோட்டீஸ். இருவருக்கும் ஒரே கடிதம் என்று சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒரு உறை, உறை மேல் அவரவர் பெயர். தன் பெயருக்கு ஒரு தபால் வருவது சிறு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நான் வாசலில் நின்று பார்த்தவன்.

"நல்ல பிள்ளையாக இருந்தால் வருவேன்" என்று நான் எழுத மாட்டேன். நீயும் வாயால் சொல்லாதே. வீட்டில் ஏதாவது சரியில்லாமல் போனால், தான் நல்ல பிள்ளையாக இல்லாததால்தான் அப்படி ஆயிற்று என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். இன்ன பொருள் கொண்டுவருவேன் என்று வாக்கும் கொடுக்க மாட்டேன். உங்களை எனக்குத் தெரியும், நீங்கள் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து வந்துவிடுவேன், இவ்வளவுதான் எழுதப் போகிறேன்.

அதனால் முகவரி வேண்டும்.

நீ ஜூன் மாதத்தில் கொடுத்த முகவரி என்னிடம் இருக்கிறது. அது பழைய வீடுதான். ஆனால் செப்டம்பரில் அம்மா முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அனுப்பியபோது, உன் சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாய். ஏன் என்று அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீடியோவில் நீ பேசும்போது உன் பின்னால் தெரிகிற சுவர் நான் வந்து தங்கியிருந்த வீட்டுச் சுவர் இல்லை. பிள்ளைகளை நீ காட்டினால் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் காருக்குள். மருமகளிடம் அம்மா பேசினாள். மரியாதையாகத்தான் பேசியது அந்தப் பிள்ளை, "அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் அத்தை" என்று முடித்துக்கொண்டது. நான் தபால்காரன் தம்பி. ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கதவைத் தட்டாமலே எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கேட்பது முகவரியை மட்டும்தான்.

நீ அங்கே போய் ஒன்பது வருடத்தில் யார் உதவியும் இல்லாமல் காலூன்றினாய். தங்கைக்குக் கல்யாணச் செலவு முழுவதும் ஏற்றாய். இந்தத் தெருவில் யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும் நான் நிமிர்ந்து பதில் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மறைப்பது என்ன நியாயம்? நாங்கள் என்ன அந்நியரா? அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். "அங்கே இப்போது சாயங்காலம், போன் வரலாம்" என்கிறாள்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். உன்னைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று தோன்றிவிட்டது.

உங்கள் ஊர்த் தபால் ஏற்பாட்டைப் பற்றிப் படித்தேன் என்றேன் அல்லவா, அது ஆரம்பித்த கதையும் அதில் இருந்தது. 1974-இல் மாண்ட்ரியல் நகரத்துத் தபால் ஊழியர்கள் சிலர், கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வருகிற கடிதங்களெல்லாம் சேர்க்க முடியாத தபால் என்று ஒதுக்கப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல், தாங்களே உட்கார்ந்து பதில் எழுதினார்களாம். யாரும் உத்தரவு போடவில்லை. அது வளர்ந்த பிறகுதான், 1983-இல், தனிக் குறியீடு கொடுத்து நாடு முழுவதும் நடத்தினார்கள். வாசித்ததும் கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டேன். என்னைப் போல முத்திரை குத்துகிற ஆட்கள்தானே அவர்களும்.

1991 டிசம்பர். அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். சித்தப்பாவுக்காக அவள் சங்கிலியை நான் கேட்காமல் அடகு வைத்ததால் போனாள். உனக்கு "ஆச்சிக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லியிருந்தோம். நான் கூப்பிடப் போகவில்லை, வீம்பு. அப்போது ஒருநாள் காலைத் தபாலில் ஒரு அஞ்சலட்டை வந்தது. பதினைந்து பைசா மஞ்சள் அட்டை. "கிறிஸ்துமஸ் தாத்தா, எங்க அப்பா போஸ்ட் ஆபீஸ்" என்று எழுதி, கீழே ஊர்ப் பெயரையும் போட்டிருந்தாய். அப்பாவிடம் போனால் தாத்தாவிடம் சேர்ந்துவிடும் என்று நம்பியிருக்கிறாய். சிவப்புப் பென்சில் டப்பா ஒன்று கேட்டிருந்தாய். அடியில், "நான் இப்போது ஆச்சி வீட்டில் இருக்கிறேன், வீடு மாறிவிட்டது, தப்பாகப் போய்விடாதீர்கள்" என்று எழுதியிருந்தாய்.

அட்டைதானே, தரம் பிரிக்கிறவர் கண்ணில் முதலில் பட்டுவிட்டது. சத்தமாக வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். என் வீட்டு விஷயம் ஆபீஸ் முழுவதும் தெரிந்துவிட்டது. எனக்குக் கண்ணீர் வரவில்லை தம்பி, கோபம்தான் வந்தது, ஏழு வயதுப் பிள்ளை மேல். அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மேசை மேலேயே பேனா இருந்தது, முத்திரை இருந்தது. இரண்டு வரி எழுதி ஒரு பென்சில் டப்பாவோடு ஆச்சி வீட்டுக்கு அனுப்ப அரை நாள் போதும். அல்லது பஸ் ஏறி நானே போயிருக்கலாம். செய்யவில்லை.

பிப்ரவரியில் நீங்கள் திரும்பி வந்தபோது, "தாத்தாவுக்கு என் கடிதம் போகவில்லையா அப்பா?" என்று கேட்டாய். "முகவரி சரியில்லை, திரும்பிவிட்டது" என்று சொன்னேன். "அடுத்த தடவை சரியாக எழுதுகிறேன்" என்றாய். அதற்குப் பிறகு நீ எழுதவே இல்லை. எனக்கு நீ எதையும் சொல்லாததை வீம்பு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பழக்கிவிட்டவன் நானாகக்கூட இருக்கலாம். அம்மாவுக்கு இந்த அட்டையைப் பற்றி முந்தாநாள்தான் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வாங்கி வாசித்துவிட்டு, உன் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

அட்டையை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

பிள்ளைகள் இந்த வருடம் எழுதினால், அவர்கள் எந்த வீட்டு முகவரியைப் போடச் சொல்கிறார்களோ அதையே போடு. நீயாகத் திருத்தாதே. மருமகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய். தாத்தா கடிதம் வருகிற விஷயத்திலாவது இரண்டு பேரும் ஒன்றாகப் பேசி முடிவெடுங்கள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வேன், குற்றம் சொல்ல மாட்டேன்.

இரண்டு முகவரி இருந்தால் இரண்டையும் எழுதி அனுப்பு. ஆளுக்கு இரண்டாக நான்கு கடிதம் எழுதி வாங்குவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. பிள்ளைகள் அன்றைக்கு எந்த வீட்டில் இருந்தாலும் அவர்கள் பெயருக்குத் தபால் இருக்க வேண்டும்.

நவம்பர் 20 என்பதை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மூத்தவளுக்குப் பல் விழுந்தது என்றாயே, அது மேல் பல்லா, கீழ்ப் பல்லா? அதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டும்.