ஓநாய் ஹீரோவுக்கு ஒளிக்க ஒண்ணுமே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ரொமான்டிக் ஃபேன்டஸி நாவல்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா சூனியக்காரியும் ஓநாயா உருமாறுற ஹீரோவும் வர்ற கதைகள்ல, இவனுக்கு இவதான்னு விதியே முடிவு பண்ணி வச்சிருக்கற அந்த "விதிச்ச ஜோடி" சமாச்சாரம்தான் அழகேன்னு எழுதியிருந்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துப்போகல. இந்த வகை நாவலை நானும் விடாம படிக்கிற ஆள்தான். ரெண்டாவது அத்தியாயத்துல ஹீரோயினோட வாசனை ஹீரோ மூக்குல ஏறும், உடனே அவனுக்குள்ள இருக்கற ஓநாய் "இவ என் மேட்", அதாவது என் ஜோடின்னு உறுமும், சோலி முடிஞ்சுது. அவளுக்கு அவன புடிக்குமா, இவன நம்பலாமாங்கற கேள்வியெல்லாம் அந்த உறுமல்லயே அடிபட்டு போயிடுது, அப்புறம் மிச்ச முந்நூறு பக்கத்துக்கு வில்லனை வெளியில இருந்துதான் கொண்டு வரணும்.

பழைய ஆளுங்க இதை இப்படி வீணடிக்கல. 12ஆம் நூற்றாண்டுல மரீ த பிரான்ஸ்னு ஒரு பெண் கவிஞர் 'பிஸ்க்லாவ்ரே'ன்னு ஒரு கதைப்பாட்டு எழுதியிருக்காங்க. புருஷன் வாரத்துல மூணு நாள் காணாம போறான், எங்க போறேன்னு பொண்டாட்டி கெஞ்சிக் கேக்குறா. ஓநாயா மாறி காட்டுல திரியறேன்னு சொல்லிடறான். அவ அதோட விடல, அப்போ துணிய எங்க கழட்டி வைப்பேன்னு கேக்குறா. அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறான், ஏன்னா துணி போச்சுன்னா திரும்ப மனுஷனாக முடியாது. விடாம நச்சரிச்சதும், பழைய தேவாலயத்துக்கிட்ட ஒரு புதருக்கு அடியில பொந்து விழுந்த கல்லு, அதுக்குள்ளன்னு இடத்தோட சொல்லிடறான். அவ தன் பின்னாடி சுத்துன இன்னொருத்தனை விட்டு அந்த துணியை எடுக்க வச்சுடறா. அந்த ஒரு கேள்விக்கு அவன் தயங்குற இடம் இருக்கே, ஹீரோ ஹீரோயின கடிச்சு தன் ஜோடியாக்கிக்கறதா இப்போ வர்ற சீன் நூறு சேர்ந்தாலும் அந்த பதட்டம் வராது. கடைசியில துணி திரும்ப கிடைச்ச அப்புறமும் எல்லார் முன்னாடியும் மாற அந்த ஓநாய்க்கு வெக்கம், தனி அறையில விட்டாத்தான் மாறுது! நம்ம ஹீரோக்கள் சட்டைய கிழிச்சுட்டு நடுத்தெருவுல மாறுறாங்க.

ஸ்காட்லாந்து பக்கத்து ஆர்க்னி தீவுகள்ல சொல்ற செல்கி கதையும் இதே முடிச்சுதான். சீல்ங்கற கடல் விலங்கா திரிஞ்சு, அந்த தோலை கழட்டி வச்சுட்டு கரையேறுற பொண்ணோட தோலை ஒருத்தன் ஒளிச்சு வச்சுட்டு அவள கட்டிக்குவான், புள்ளைகுட்டி பெத்து எத்தன வருஷம் ஆனாலும் தோல் கண்ணுல பட்ட அன்னைக்கு அவ கடலுக்கு போயிடுவா. அது திருட்டுன்னு அந்த கதைக்கே தெரியும். நம்ம விக்கிரமாதித்தன் கதையிலயும் ராஜா கூடுவிட்டு கூடு பாஞ்ச நேரம் பார்த்து, காலியா கிடந்த உடம்புல வேற ஒருத்தன் ஏறிக்கறான். உருமாறுறவனோட உசுரு எங்க இருக்கு, அது யாருக்கு தெரியும், தெரிஞ்சவங்க என்ன பண்ணுவாங்க, காதல் கதைக்கு இதவிட பெரிய முடிச்சு என்ன வேணும்? நம்பி சொல்றதுதான் அங்க லவ் சீன்.

சூனியக்காரி விஷயமும் அப்படித்தான். அமெரிக்காவுல இருக்கற சேலத்துல 1692ல சூனியம்னு சொல்லி 19 பேரை தூக்குல போட்டாங்க, ஒருத்தரை கல்லு அடுக்கி நசுக்கியே கொன்னாங்க. (நாவல்ல எல்லாம் எரிச்சாங்கன்னு எழுதுறாங்க, சேலத்துல யாரையும் எரிக்கல.) புகார் குடுத்தவங்க பெரும்பாலும் தெரிஞ்ச முகங்கதான். அந்த காலத்துல நடக்கற கதையில ஒரு பொண்ணு, நான் மந்திரம் பண்றவன்னு ஒருத்தன்கிட்ட வாய்விட்டு சொன்னா, கழுத்தையே அவன் கையில குடுக்கற மாதிரி. இப்போ வர்ற ஹீரோயினுக்கு அந்த பயமே கிடையாது, ஊருக்கே தெரியும், போதாக்குறைக்கு அவன் கடிச்சாத்தான் அவ சக்தியே முழுசா வருமாம். எனக்கு கடுப்பாகுறது இங்கதான்.

அப்புறம் அந்த ஆல்ஃபா, அதாவது சண்டை போட்டு ஜெயிச்சு கூட்டத்துக்கு தலைவனாகுற ஓநாய். 1947ல ருடால்ஃப் ஷெங்கல்ங்கற ஆராய்ச்சியாளர், அடைச்சு வச்ச ஓநாய்களை பார்த்து எழுதுனதுல இருந்து பரவுன கருத்து அது. அதை தன் 1970 புத்தகத்துல பிரபலமாக்குன டேவிட் மீச்ங்கற ஓநாய் ஆராய்ச்சியாளரே 1999ல, காட்டுல ஓநாய் கூட்டம்னா பொதுவா அப்பா அம்மா குட்டிங்கதான், சண்டை போட்டு தலைவனாகுற கதை இல்லன்னு எழுதிட்டார். இன்னும் நம்ம ஹீரோ முறைச்சுக்கிட்டேதான் திரியறான். கற்பனைதானே, இருக்கட்டும், ஆனா பொறுப்பான அப்பா ஓநாய் ஒண்ணு ஹீரோவா வந்தா நான் முதல் ஆளா படிப்பேன்.

அடுத்த மாசம் ஃபேன்டஸி தொடர் ஆரம்பிக்கறதா அறிவிச்சிருக்கீங்க. எழுதப்போறவங்ககிட்ட தயவுசெஞ்சு சொல்லுங்க, மேட் வாசனை எல்லாம் வேணாம், அவன் துணிய எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு அவளுக்கு பத்தாவது வாரம் வரைக்கும் தெரியவே கூடாது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி