243-இல் ஒளிந்திருந்த பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணித நாளை ஒட்டிச் சென்ற இதழில் வெளியான ராமானுஜன் கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு அதில் ஒரு செய்தி இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ராமானுஜனுக்கு நிரூபணமே தேவைப்படவில்லையாம். நாமகிரித் தாயார் கனவில் எழுதிக் காட்டியதை விடிந்ததும் நோட்டில் குறித்துக்கொண்டாராம். பிள்ளைகளைப் படிப்படியாகக் கணக்குப் போடச் சொல்வது அவர்களுடைய உள்ளுணர்வைக் கொன்றுவிடுகிறது என்று அதிலிருந்து ஒரு முடிவுக்கும் கட்டுரையாளர் வந்துவிடுகிறார்.

தாயார் மீது ராமானுஜன் வைத்திருந்த பக்தி உண்மையானது. அதில் கை வைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் அவர் அச்சிலேற்றிய ஊகங்களில் ஒன்று தவறு. அந்தத் தவற்றின் கதையைச் சொல்லாமல் அவருடைய உள்ளுணர்வைப் பற்றிப் பேசுவது, தேரைப் பற்றிப் பேசிவிட்டு முட்டுக்கட்டையை மறந்துவிடுவது போல.

நான்கு என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாக உடைக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். இதற்கு எண் பிரிவினை என்று பெயர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். ஆனால் எண் பெரிதாகப் பெரிதாக விதங்கள் மூச்சு முட்டும் அளவுக்குப் பெருகும். 100 என்ற எண்ணுக்கு 19,05,69,292 விதங்கள். இங்கிலாந்தில் பீரங்கிப் படையில் மேஜராக இருந்து கணிதத்துக்கு வந்த மக்மஹோன் என்பவர், கணிப்பொறி இல்லாத அந்தக் காலத்தில், 200 வரைக்கும் இந்த எண்ணிக்கைகளைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டார். (அந்த மனிதரைப் பற்றி யாராவது எழுதினால் நல்லது. பொறுமைக்குக் கோவில் கட்டுவதாக இருந்தால் அவருக்குத்தான் கட்ட வேண்டும்.)

அந்த அட்டவணையை ராமானுஜன் பார்த்தார். கேம்பிரிட்ஜில் அவரோடு சேர்ந்து உழைத்த கணித அறிஞர் ஹார்டியும் பார்த்தார், வேறு பலரும் பார்த்திருப்பார்கள். 4, 9, 14, 19, 24 என்று ஐந்து ஐந்தாகத் தாவினால் பிரிவினைகள் 5, 30, 135, 490, 1575 என்று வருகின்றன. எல்லாமே ஐந்தால் வகுபடுகின்றன. கண்டவர் ராமானுஜன்தான். பிரிவினை என்பது கூட்டல் சமாசாரம். வகுபடுதல் பெருக்கல் சமாசாரம். இரண்டுக்கும் உறவு இருக்கும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் கிடையாது. 5-இல் தொடங்கி ஏழு ஏழாகத் தாவினால் ஏழால் வகுபடுகிறது, 6-இல் தொடங்கிப் பதினொன்று பதினொன்றாகத் தாவினால் பதினொன்றால் வகுபடுகிறது என்பதையும் அவரே கண்டார். இதை உள்ளுணர்வு என்று சொல்லுங்கள், அருள் என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். 1919-இல் வெளியான தம் கட்டுரையில் ஐந்துக்கும் ஏழுக்கும் நிரூபணம் கொடுத்திருக்கிறார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு அது, நோய் அவரைத் தின்றுகொண்டிருந்த நேரம். நிரூபணம் தேவைப்படாத மனிதர் அந்த நிலையில் எதற்காக அந்தப் பாடுபட்டார்?

இனிதான் பிழை வருகிறது. அதே கட்டுரையில் அவர் இன்னும் பெரிதாக ஒரு ஊகத்தையும் முன்வைத்தார். ஐந்து, ஏழு, பதினொன்று ஆகியவற்றின் அடுக்குகளுக்கும், அதாவது 25, 125, 49, 343, 121 போன்றவற்றுக்கும், இதே ஒழுங்கு உண்டு என்றார். எந்த எண்ணிலிருந்து தாவத் தொடங்க வேண்டும் என்பதற்கும் விதி சொன்னார். அட்டவணையில் சோதித்தால் அச்சாகப் பொருந்துகிறது. 49-க்கு முதலில் வரும் எண் 47. அதன் பிரிவினைகள் 1,24,754. 49-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 2546. 125-க்கு முதல் எண் 99, அங்கும் சரி.

343-க்கு முதலில் வரும் எண் 243. மக்மஹோனின் அட்டவணை 200-இல் முடிந்துவிட்டது.

ராமானுஜன் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஓடின. பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். அதைப் பார்த்த கணித அறிஞர் சர்வதமன் சௌலா 1934-இல் கண்டுபிடித்தார்: 243-க்குரிய எண்ணிக்கை 343-ஆல் வகுபடவில்லை. அந்த எண் 13,39,78,25,93,44,888. சென்ற வாரம் என் பேத்தியிடம் கொடுத்து ஏழால் வகுக்கச் சொன்னேன். கைப்பேசியைத் தொடக் கூடாது என்று நிபந்தனை. முதல் முறை மீதியில்லை. வந்த ஈவை மறுபடி வகுத்தாள், அப்போதும் மீதியில்லை. மூன்றாம் முறை மீதி 5. "தாத்தா, நான்தான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டு முழுவதையும் இன்னொரு தடவை போட்டாள். மறுபடியும் 5. ராமானுஜன் தவறியிருப்பார் என்று அவளால் நம்ப முடியவில்லை. நம் கட்டுரைகள் பிள்ளைகளுக்குள் ஏற்றி வைத்திருப்பது அதைத்தான்.

பிழை என்றாலும் அது எப்படிப்பட்ட பிழை என்று பாருங்கள். ஏழின் அடுக்கை அவர் சொன்னதைவிடக் குறைத்துக்கொண்டால் ஊகம் சரியாகிவிடுகிறது. ஐந்துக்கு அவர் சொன்னது அப்படியே சரி. இவ்விரண்டையும் ஆங்கிலேயக் கணித அறிஞர் வாட்சன் 1938-இல் நிரூபித்தார். பதினொன்றுக்கும் ராமானுஜன் சொன்னதே சரி என்று அட்கின் நிரூபித்தது 1967-இல். நோயாளி ஒருவர் அட்டவணையைப் பார்த்துச் சொன்னதைச் சரிபார்க்கக் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நிரூபணக் கட்சிக்கு வாக்குக் கேட்பவன் என்று நினைப்பீர்கள். ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து 1918-இல் பிரிவினைகளுக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். தோராயமான விடை கிடைத்தாலே பெரிய காரியம் என்றுதான் வேறு யாரும் நினைத்திருப்பார்கள். பிழை முழு எண்ணுக்குள் அடங்கும் அளவுக்குத் துல்லியமான சூத்திரம் இருந்தே தீரும் என்று விடாப்பிடியாக நின்றவர் ராமானுஜன். அதில் எண்ணிலிருந்து 1/24 என்ற பின்னத்தைக் கழிக்க வேண்டும் என்ற விசித்திரமான நுணுக்கம் ஒன்று உண்டு. அது ஒருவருக்கு எப்படித் தோன்றியிருக்க முடியும் என்று ஹார்டியின் சகாவான கணித அறிஞர் லிட்டில்வுட் பிற்பாடு வியந்து எழுதினார். சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டி 200-க்குக் கணக்கிட்டபோது, மக்மஹோன் கையால் கண்டிருந்த 39,72,99,90,29,388 என்ற விடைக்கு 0.004 அளவுக்குள் வந்து நின்றது. ஹார்டியின் கறார் மட்டும் இருந்திருந்தால் அந்த இடத்துக்குப் போயிருக்கவே மாட்டார்கள். ராமானுஜன் மட்டும் இருந்திருந்தால் போயிருப்பார். போனாரா இல்லையா என்று நமக்குத் தெரிந்திருக்காது.

1913 ஜனவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது ஹார்டிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில் பகா எண்களைப் பற்றிய முடிவுகளும் இருந்தன. அவற்றில் முக்கியமானவை தவறு. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு என்ற உயர்கணிதம் அவருக்கு அப்போது தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. ஹார்டி இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ராமானுஜனிடமிருந்து தாம் கற்றதே அதிகம் என்று எழுதியவரும் அவர்தான். பகா எண்களில் அட்டவணையை நம்பி ஏமாந்தது ராமானுஜன் மட்டுமல்ல. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் என்பதற்குப் பழைய தோராயச் சூத்திரம் ஒன்று உண்டு. பத்து லட்சத்துக்குள் இருப்பவை 78,498. சூத்திரம் சுமார் 130 கூட்டிச் சொல்லும். எங்கே சோதித்தாலும் கூட்டித்தான் சொல்லியது, ஒரு இடத்திலும் குறைத்துச் சொல்லவில்லை. அது எண்ணற்ற முறை குறைத்தும் சொல்லும் என்று 1914-இல் லிட்டில்வுட் நிரூபித்தார். அப்படிக் குறையும் முதல் இடத்தை இன்றுவரை எந்தக் கணிப்பொறியும் எண்ணிப் பார்த்துத் தொட்டதில்லை.

நோட்டுப் புத்தகங்களில் நிரூபணம் இல்லையே என்பார்கள். காகிதம் விலை. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருப் பையன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினான். இளம் வயதில் கிடைத்த கார் என்பவரின் சூத்திரத் தொகுப்பும் முடிவுகளை வரிசையாக அடுக்கிய புத்தகம்தான். பையன் அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டான். அழிந்துபோன சிலேட்டில் எவ்வளவு உழைப்பு இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அந்த நோட்டுகளின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் பல ஆண்டுகள் உட்கார்ந்து சரிபார்த்தார். தவறானவை மிகச் சில. கனவு கண்டு எழுதியவரின் நோட்டு இப்படி இருக்காது. எழுதி அழித்து எழுதி அழித்து முழங்கை தேய்ந்தவரின் நோட்டு இப்படித்தான் இருக்கும்.

என் பங்குக்கும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன், 1+3+5+7 என்று ஒற்றை எண்களைக் கூட்டினால் ஏன் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது என்ற கேள்விக்குப் புள்ளிகளை வைத்துச் சதுரம் போட்டிருந்தான். ஒரு புள்ளி, அதைச் சுற்றி மூலை மடித்தாற்போல் மூன்று புள்ளி, அதைச் சுற்றி ஐந்து. "நிரூபணம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதிப் பாதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். மாலை பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, அந்தப் படமே நிரூபணம் என்று. மறுநாள் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான். ஆகவே, கறார் என்ற பெயரில் வாத்தியார்கள் செய்யும் அநியாயம் எனக்குத் தெரியாதது அல்ல. கட்டுரையாளருடைய கோபத்தில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அடுத்த கணித நாளுக்கு நாமகிரித் தாயார் கதையோடு, சிறுவர் பக்கத்தில் 1 முதல் 30 வரையிலான எண்களின் பிரிவினை அட்டவணையையும் அச்சிடுங்கள். அரைப் பக்கம்கூட ஆகாது. ஐந்து ஐந்தாகத் தாவுவதைப் பற்றியோ 6, 17, 28 ஆகிய எண்களுக்கு எதிரே 11, 297, 3718 இருப்பதைப் பற்றியோ எதுவும் சொல்ல வேண்டாம். "இதில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். விடையை அதற்கடுத்த இதழில் போட்டுவிடாதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மன்னார்குடி